மகன் தவறினான் என்று தெரிந்த பிறகு: ஒரு தாயின் கேள்விக்கு விரிவான பதில்

அன்புச் சகோதரி அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் உங்கள் 15 வயது மகனின் கைப்பேசியில் ஆபாசக் காணொளிகளைப் பார்த்துவிட்டீர்கள். கூடப் படிக்கும் ஒரு மாணவியோடு அவன் இரவு நேரத்தில் பரிமாறிக்கொண்ட செய்திகளும் கண்ணில் பட்டு, அவற்றைப் படமெடுத்து வைத்திருக்கிறீர்கள். அவன் தொழுகையை விட்டுச் சில மாதங்கள் ஆகின்றன. கணவர் சவூதியில் இருக்கிறார். சொன்னால் ஆத்திரத்தில் படிப்பையே நிறுத்திவிடுவாரோ என்று பயப்படுகிறீர்கள். விஷயம் அரைகுறையாகக் காதில் விழுந்த மாமியார், "ஆம்பிளைப் பிள்ளையே இப்படி என்றால், பொம்பளைப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்து" என்று உங்கள் 13 வயது மகளைக் காட்டிச் சொல்கிறார். "மார்க்கம் என்ன சொல்கிறது? நாளை மறுமையில் நான்தானே பதில் சொல்ல வேண்டும்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

பகலில் பள்ளிக்கூட ஆசிரியராகவும் மாலையில் மதரஸாவில் ஓதிக்கொடுப்பவனாகவும் 25 ஆண்டுகளுக்கு மேல் இந்த வயதுப் பிள்ளைகளோடு இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் எழுதியது உங்கள் ஒரு வீட்டில் மட்டும் நடப்பதில்லை. நம் ஊர்களில் எத்தனையோ தாய்மார்கள் இதே பாரத்தை வெளியே சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஆம், பதில் சொல்ல வேண்டும். "நம்பிக்கையாளர்களே! உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நெருப்பை விட்டுக் காத்துக்கொள்ளுங்கள்" என்பது குர்ஆனின் கட்டளை (66:6). "உங்களில் ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார்" என்ற நபிமொழியை இப்னு உமர் (ரலி) அறிவிக்க, ஹதீஸ் தொகுப்பாளர்களான புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஹதீஸில் பொறுப்பாளர் என்பதற்கு வந்திருக்கும் அரபுச் சொல் "ராஈ", அதாவது ஆடு மேய்ப்பவர். ஆடு வழி தவறுவது மேய்ப்பவருக்குப் புதிதில்லை. தவறிய ஆட்டைத் தேடிப் போகிறாரா, பட்டியை அடைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறாரா என்பதுதான் அவரிடம் கேட்கப்படும். விளைவு உங்கள் கையில் இல்லை. நூஹ் (அலை) அவர்கள் பெருவெள்ளத்தின் நடுவிலும் "என் அருமை மகனே! எங்களோடு ஏறிக்கொள்" என்று அழைத்தார்கள், மகன் ஏறவில்லை (11:42-43). அதற்காக அந்த நபியின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆகவே "நான் வளர்த்த லட்சணம் இதுதானா" என்று உங்களையே நொந்துகொள்வதை நிறுத்துங்கள். அழைக்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

எப்படி அழைப்பது என்பதற்கு, இந்த வயதுக்கும் இந்தப் பாவத்துக்கும் நேரடியாகப் பொருந்தும் நபிவழி ஒன்று இருக்கிறது. அபூ உமாமா (ரலி) அறிவிக்க, முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் செய்தி அது. ஓர் இளைஞர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, "விபச்சாரம் செய்ய எனக்கு அனுமதி தாருங்கள்" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். சுற்றியிருந்தவர்கள் கொதித்துப்போய் அவரை அதட்டினார்கள். நபியவர்களோ, "அருகே வா" என்றார்கள். அவர் நெருங்கி வந்து உட்கார்ந்தார். "உன் தாய்க்கு இதை நீ விரும்புவாயா?" என்று கேட்டார்கள். "அல்லாஹ்வின் மீது ஆணையாக, இல்லை" என்றார். "மக்களும் தங்கள் தாய்மார்களுக்கு அதை விரும்பமாட்டார்கள்" என்றார்கள். பிறகு மகள், சகோதரி, தந்தையின் சகோதரி, தாயின் சகோதரி என்று ஒவ்வொருவரையும் சொல்லிக் கேட்க, ஒவ்வொரு முறையும் அவர் இல்லை என்றே சொன்னார். கடைசியில் தம் கையை அவர் மீது வைத்து, "இறைவா! இவர் பாவத்தை மன்னிப்பாயாக, உள்ளத்தைத் தூய்மைப்படுத்துவாயாக, கற்பைக் காப்பாயாக" என்று பிரார்த்தித்தார்கள். அதன் பிறகு அந்த இளைஞரின் மனம் அந்தப் பக்கமே திரும்பவில்லை என்று அறிவிப்பு முடிகிறது.

இதில் மூன்று நான்கு விஷயங்கள் இருந்தாலும், எனக்கு ஆண்டுக்கணக்காகப் பிடிபடாமல் இருந்து, பிறகு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்ட சொல் அந்த "அருகே வா" தான். ஹராம் (மார்க்கம் தடுத்தது) என்ற தீர்ப்பைச் சொல்வதற்கு முன்னால் தூரத்தைக் குறைத்தார்கள். நாம் பிள்ளைகளிடம் இதற்கு நேர்மாறாகத்தான் நடந்துகொள்கிறோம். தவறு தெரிந்த கணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போகிறோம். அவன் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறான். கதவுக்கு அந்தப் பக்கம் அவனோடு இருப்பது அந்தக் கைப்பேசி மட்டுமே.

ஆகவே முதலில் அவனோடு பேசுங்கள். மாமியாரும் தங்கையும் இல்லாத நேரமாக இருக்கட்டும். எதிரெதிரே உட்கார வைத்து விசாரணை நடத்தாமல், ஏதாவது வேலை செய்துகொண்டே பக்கத்தில் இருங்கள்; இந்த வயதுப் பையன்களுக்கு முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிடப் பக்கத்தில் இருந்துகொண்டு பேசுவது எளிது. "உன் போனில் நான் இதைப் பார்த்துவிட்டேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் நீ என் பிள்ளை, உன்னை நான் விட்டுவிடப் போவதில்லை" என்று உள்ளதைச் சொல்லுங்கள். தெரியாதது போல் நடித்து, பொய்யில் அவனைச் சிக்கவைக்க வேண்டாம். இது ஹராம் என்பதை மழுப்பாமல் சொல்லுங்கள். விபச்சாரம் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்லாமல் அதை "நெருங்காதீர்கள்" என்றே குர்ஆன் சொல்கிறது (17:32), அந்தக் காணொளிகள் நெருங்கும் வழிதான். அந்தக் காணொளிகளில் இருக்கும் பெண்களும் யாரோ ஒருவரின் மகள்கள், அவர்களில் எத்தனை பேர் ஏமாற்றப்பட்டும் மிரட்டப்பட்டும் அங்கே நிறுத்தப்பட்டவர்கள் என்பதையும் சொல்லுங்கள். நபியவர்கள் கேட்ட அதே கேள்வி அது. சொல்லி முடித்ததும் அவன் தலையில் கை வைத்து, அவன் காதில் விழும்படி துஆச் செய்யுங்கள். அவன் அழலாம், எரிந்து விழலாம், எழுந்தும் போகலாம். எழுந்து போனாலும் நீங்கள் சொன்னது அவனோடு போகும்.

தொழுகையை விட்டுவிட்டான் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி என் அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிக்கொண்டிருந்த ஒரு பையன், அப்போது 14 வயது இருக்கும், திடீரென்று விடியற்காலைத் தொழுகையான சுபுஹுக்கு வருவதை நிறுத்தினான். மற்ற நேரங்களில் பள்ளிவாசல் வரை வருவான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கூட்டாளிகளோடு பேசிவிட்டுப் போய்விடுவான். ஊரில் அவனைப் பற்றிப் பலவிதமாகப் பேசினார்கள். ஒருநாள் மாலைத் தொழுகையான அஸருக்குப் பிறகு அவனை ஹவ்ளுப் (தொழுகைக்கு முன் கைகால் கழுவும் குளம்) படிக்கட்டுக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தேன். நான் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, மீன்களைப் பார்த்தபடி பரீட்சையைப் பற்றி, கிரிக்கெட்டைப் பற்றி என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். சூரியன் மறைந்ததும் தொழும் மஃக்ரிப் நெருங்கும் நேரத்தில், தரையைப் பார்த்தபடி, "தூக்கத்தில் அசுத்தமாகிவிடுகிறது ஹஸ்ரத். நான் பள்ளிக்குள் வரலாமா?" என்று கேட்டான். பருவமடைந்தவனுக்கு உறக்கத்தில் ஸ்கலிதமாவது இயற்கை, அதில் பாவமே இல்லை, குளித்தால் போதும் என்ற அடிப்படைச் செய்தியை அந்தப் பிள்ளைக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. சுபுஹுக்கு முன் எழுந்து குளித்தால் உம்மாவும் அக்காமாரும் என்ன நினைப்பார்களோ என்று கூசி, குளிக்காமலே இருந்துவிட்டு, குளிக்காததால் தொழாமல், தொழாததால் தான் கெட்டுப்போனவன் என்று முடிவுக்கு வந்திருந்தான். இப்படி ஒரு முடிவுக்கு வந்த பிள்ளை, இனி எதைப் பார்த்தால் என்ன என்று துணிந்துவிடும். அவன் வாப்பாவும் வெளிநாட்டில்தான் இருந்தார்.

உங்கள் மகனுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம், கேட்டுப் பாருங்கள் என்கிறேன். தாய் இதையெல்லாம் பேசலாமா என்று நீங்கள் தயங்கினால், உம்மு சுலைம் (ரலி) அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். "அல்லாஹ்வின் தூதரே! உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை" என்று தொடங்கி, உறக்கத்தில் பெண்ணுக்கு ஸ்கலிதமானால் குளிப்பு கடமையா என்று நேரடியாகக் கேட்ட பெண்மணி அவர், ஈரத்தைக் கண்டால் கடமைதான் என்று நபியவர்களும் நேரடியாகவே பதில் தந்தார்கள். அவருடைய முதல் கணவர் மனைவி இஸ்லாத்தை ஏற்றதில் அதிருப்தி கொண்டு ஷாம் (இன்றைய சிரியாப் பகுதி) தேசத்துக்குப் போய் அங்கேயே இறந்துவிட, மகன் அனஸைத் தனியாக வளர்த்து, 10 வயதில் நபியவர்களின் பணிவிடைக்கு ஒப்படைத்த தாயும் அவர்தான். வீட்டில் தந்தை இல்லாத நிலையில் பிள்ளை வளர்ப்பது நம் சமுதாயத்தில் சபுர் (வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போவது) தொடங்கிய பிறகு வந்த புதிய சோதனையில்லை. உங்களுக்கு நாவு எழவில்லை என்றால், உங்கள் சகோதரரிடமோ, மகன் மதிக்கும் ஓர் ஆலிமிடமோ இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். ஆனால் "பேசி வையுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், என்ன பேச வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் அவரும் பரீட்சையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவார்.

அடுத்து அந்தக் கைப்பேசி. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்புகள் எல்லாம் கைப்பேசிக்குள் வந்தபோது, அதுவரை பெரியவர்கள் கையில் இருந்த பொருள் சிறு பிள்ளைகளுக்குச் சொந்தமாகிவிட்டது. அதை வாங்கிக் கொடுத்தது நாம்தான். வேறு வழியும் நமக்கு இருக்கவில்லை. இப்போது அதைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினால், நண்பனின் கைப்பேசியில் பார்ப்பான். அவனுக்குத் தெரியாமல் தினமும் அதை எடுத்துக் குடைவதையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். "துருவித் துருவி ஆராயாதீர்கள்" என்பது இறைக்கட்டளை (49:12). பெற்றோருக்குக் கண்காணிக்கும் கடமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் அறிந்த கண்காணிப்பு வேறு, ஒளிந்து பார்ப்பது வேறு. அனஸ் (ரலி) அவர்களின் சிறுவயது நிகழ்ச்சி ஒன்று முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்த அவரை நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்ப, வீட்டுக்கு வரத் தாமதமாகிவிட்டது. ஏன் தாமதம் என்று தாய் கேட்டார். நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்பினார்கள் என்றார் சிறுவர். என்ன வேலை என்று கேட்டதற்கு, "அது இரகசியம்" என்றார். அந்தத் தாய் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. "அல்லாஹ்வின் தூதரின் இரகசியத்தை யாரிடமும் சொல்லிவிடாதே" என்றே சொன்னார். எங்கே போனான், யாரோடு இருந்தான் என்று கேட்கும் உரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல கையில்தான் இருந்தான் என்று தெரிந்ததும் பிள்ளையின் வார்த்தையை மதித்தார். இரண்டும் ஒரே தாயிடம் இருந்தன.

ஆகவே வெளிப்படையான ஒழுங்கு ஒன்றை வீட்டில் வையுங்கள். இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு ஒரு நேரத்தைக் குறித்து, வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்ந்தே. இரவில் கணவர் அழைக்கும் நேரம் அதுவாக இருந்தால், கூடத்தில் உட்கார்ந்து பேசுங்கள். தாய் படுக்கையில் கைப்பேசியோடு இருந்துகொண்டு மகனுக்கு மட்டும் சட்டம் போட்டால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. மேலே சொன்ன 66:6 வசனத்தில் "உங்கள் குடும்பத்தாரையும்" என்பதற்கு முன்னால் "உங்களையும்" என்று வந்திருப்பதைக் கவனியுங்கள். இதோடு, குர்ஆன் சொல்லும் ஞானி லுக்மான் தம் மகனுக்குச் சொன்ன அறிவுரையையும் அவனுக்கு ஓதிக் காட்டுங்கள். கடுகு வித்தளவு சிறியதொரு செயல் பாறைக்குள்ளே இருந்தாலும், வானங்களிலோ பூமியிலோ எங்கே இருந்தாலும் அல்லாஹ் அதைக் கொண்டுவருவான் என்கிறார் (31:16). போர்வைக்குள் இருக்கும் திரைக்கு நீங்களோ நானோ காவல் இருக்க முடியாது. அந்தக் காவலை அவன் மனதுக்குள் வைப்பதற்குத்தான் லுக்மான் இதைத் தொழுகைக்கும் முன்னதாகச் சொல்லிவைத்தார்.

ஒன்றை மட்டும் அவசியம் விசாரியுங்கள். முகம் தெரியாத யாராவது அவனிடம் படம் கேட்டார்களா, அனுப்பியதை வைத்துப் பணம் கேட்டோ வேறு எதற்கோ மிரட்டுகிறார்களா என்று பக்குவமாகக் கேளுங்கள். அப்படி ஏதும் இருந்தால் அது ஒழுக்கப் பிரச்சினை இல்லை, உங்கள் பிள்ளை மீது நடக்கும் குற்றம். 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இரு பாலரையும் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சிறார் உதவி எண் 1098. மானம் போய்விடும் என்று மூடி வைத்தால் மிரட்டுபவனுக்குத்தான் வசதி.

அந்த மாணவியைப் பற்றி. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், சேர்ந்து படிக்கும் இரண்டு பிள்ளைகள் ஒருவர் மீது ஒருவர் பிரியம் வைத்துப் பேசியதற்கு மேல் அந்தச் செய்திகளில் எதுவும் இல்லை. வேலி தாண்டிய பேச்சு என்பதால் அது நிறுத்தப்பட வேண்டும். மகனிடமே சொல்லி நிறுத்துங்கள். ஆனால் நீங்கள் எடுத்து வைத்திருக்கும் படங்களை இன்றே அழித்துவிடுங்கள். கணவருக்கோ உங்கள் தங்கைக்கோ யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஒரு பெண்பிள்ளையின் பெயர் உங்கள் கையிலிருந்து வெளியே போய்விட்டால், அதைத் திரும்ப எடுக்க முடியாது. கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு 80 கசையடி, அவர்களுடைய சாட்சியத்தை ஒருபோதும் ஏற்கக்கூடாது என்று குர்ஆன் கடுமையாகச் சொல்லியிருக்கிறது (24:4). "அவள்தான் என் பிள்ளையைக் கெடுத்தாள்" என்ற ஒரு சொல் நம் வீடுகளில் மிக எளிதாக வந்துவிடுகிறது. பார்வையைத் தாழ்த்துங்கள் என்ற கட்டளையே அந்த அத்தியாயத்தில் ஆண்களுக்குத்தான் முதலில் வருகிறது (24:30). பெண்களுக்கு அடுத்த வசனத்தில். ஹஜ்ஜின்போது நபியவர்களுக்குப் பின்னால் ஒரே ஒட்டகத்தில் அமர்ந்திருந்த இளைஞர் ஃபள்ல் (ரலி), கேள்வி கேட்க வந்த ஒரு பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நபியவர்கள் தம் கையால் ஃபள்லின் முகத்தைத்தான் வேறு பக்கம் திருப்பினார்கள். அந்தப் பெண் கேட்ட மார்க்கக் கேள்விக்கு முழுமையாகப் பதிலும் சொன்னார்கள்.

இதை வைத்துத்தான் உங்கள் மாமியார் சொன்னதற்கும் பதில் சொல்ல வேண்டும். மகன் செய்ததற்கு மகளின் படிப்பை நிறுத்துவதற்கு மார்க்கத்தில் எந்த இடமும் இல்லை. "ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார்" என்பது குர்ஆன் பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி (6:164, 17:15, 35:18). பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்த தந்தையிடம், "அல்லாஹ்வுக்கு அஞ்சுங்கள், உங்கள் பிள்ளைகளிடையே நீதமாக நடந்துகொள்ளுங்கள்" என்று நபியவர்கள் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அன்பளிப்பிலேயே நீதம் வேண்டும் என்றால், தண்டனையில் வேண்டாமா? ஒரு தவறும் செய்யாத 13 வயதுப் பிள்ளை, அண்ணன் செய்ததற்காகப் புத்தகப் பையை இறக்கி வைக்க வேண்டும் என்றால், மார்க்கம் என்பதே தன்னை அடைத்து வைக்கும் பூட்டு என்றுதான் அவள் மனதில் பதியும். மார்க்கத்தின் பெயரால் பெண்பிள்ளைகளுக்கு நாம் இழைக்கும் இந்த அநீதியைப் பற்றி நான் எங்கும் மென்மையாகப் பேசுவதில்லை, இங்கும் பேசப் போவதில்லை. நிறுத்திய பிறகு அடுத்து வருவது மாப்பிள்ளைப் பேச்சு. 18 வயதுக்கு முன் நிக்காஹ் செய்து வைப்பது இந்த நாட்டுச் சட்டப்படி குற்றமும்கூட. மாமியார் பெரியவர், அவருடைய பயம் உண்மையானது. எதிர்த்துப் பேச வேண்டாம். "மாமி, அவள் படிக்கட்டும். அவள் கைப்பேசிக்கும் இதே ஒழுங்குதான். தம்பி விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள்.

கணவரிடம் சொல்ல வேண்டுமா என்றால், சொல்ல வேண்டும். ஆனால் செய்தியாக அனுப்பாமல், அவர் வேலை முடிந்து, சாப்பிட்டு, அறையில் தனியாக இருக்கும் நேரத்தில் பேசிச் சொல்லுங்கள். பிள்ளையோடு நீங்கள் ஏற்கெனவே பேசிவிட்டீர்கள் என்பதையும், என்ன ஒழுங்கு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அவருக்குக் கோபம் வந்தாலும் அதற்கு ஒரு வழி இருக்கும். அவருக்காக இந்தப் பகுதியை எழுதுகிறேன். நீங்களே அவருக்குப் படித்துக் காட்டலாம்.

சகோதரரே, பிள்ளைகளுக்காகத்தான் கடல் கடந்து கிடக்கிறீர்கள். அந்தத் தியாகத்தை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் நம் சபுராளிகள் பலரின் வீட்டில் வெள்ளிக்கிழமை அழைப்பில் நடப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். திரையில் வாப்பாவின் முகம் தெரிகிறது. "தொழுதியா?" என்று கேட்கிறார். "ம்" என்கிறான். "மார்க் எவ்வளவு?" என்கிறார். ஓர் எண்ணைச் சொல்கிறான். "உம்மாகிட்ட குடு." அதோடு முடிந்தது. ஆண்டுக்கு ஐம்பது வெள்ளிக்கிழமைகள் இந்த இரண்டு கேள்விகளே ஓடினால், தன் உடம்பில் நடப்பதை, தன் மனதில் வரும் ஆசையை, தான் பார்த்துவிட்ட அசிங்கத்தை அந்தப் பிள்ளை யாரிடம் சொல்வான்? லுக்மான் தம் அறிவுரையில் மூன்று முறை "யா புனைய்ய" என்று அழைக்கிறார். "என் சின்ன மகனே, என் செல்லமே" என்ற ஒலி அதில் இருக்கிறது. இப்ராஹீம் (அலை) அவர்கள், அறுக்கச் சொல்லி வந்த கட்டளையைக்கூட மகனிடம் சொல்லி, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார்கள் (37:102). அதைவிடப் பெரிய விஷயமா நம்மிடம் இருக்கிறது, பிள்ளையின் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்க?

அடிப்பதைப் பற்றி. "7 வயதில் தொழுமாறு ஏவுங்கள், 10 வயதில் தொழாவிட்டால் அடியுங்கள், படுக்கைகளைப் பிரித்து வையுங்கள்" என்ற அபூதாவூத் ஹதீஸைப் பெல்ட்டைக் கழற்றுவதற்குப் பலர் ஆதாரமாக்கிக்கொள்கிறார்கள். ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள். நாளுக்கு ஐந்து வேளை என்றால் 5,000 முறைக்கு மேல் அன்போடு சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் நேரே கடைசிக்குத் தாவ யாருக்கும் உரிமையில்லை. அந்த அடிக்கும் காயப்படுத்தக் கூடாது, முகத்தில் கூடாது, பயன் தராவிட்டால் கூடாது என்று சட்ட அறிஞர்கள் கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறார்கள். போர்க்களத்தில் போரிட்டதைத் தவிர, நபியவர்கள் தம் கையால் எதையும் அடித்ததில்லை, எந்தப் பெண்ணையும் பணியாளரையும் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார்கள். 10 ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸை ஒருமுறைகூட "சீ" என்று சொன்னதில்லை. மீசை அரும்பும் 15 வயதுப் பிள்ளையை அடிப்பதால் அவன் திருந்தி நான் பார்த்ததில்லை. ஊரை விட்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். படிப்பை நிறுத்தி உங்களிடம் அழைத்துக்கொள்வதும் தீர்வில்லை. அங்கே நீங்கள் 12 மணி நேரம் வேலையில் இருக்கும்போது, அறையில் அவனும் அதே கைப்பேசியும்தான் இருப்பார்கள்.

நம் ஜமாஅத்துக்கும் ஒரு வார்த்தை. ஜும்ஆ பயானில் (வெள்ளிக்கிழமை உரையில்) இளைஞர்களைச் சாடுகிறோம். அவர்கள் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்து, ஸலாம் கொடுத்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். பெருநாளன்று மதீனாவில் தம் பள்ளிவாசலான மஸ்ஜிதுன் நபவீயிலேயே அபிசீனியர்கள் ஈட்டி விளையாட, நபியவர்கள் தம் தோளுக்குப் பின்னால் ஆயிஷா (ரலி) அவர்களை நிறுத்தி, அவர்களாகச் சலித்துப் போகும் வரை பார்க்கவைத்தார்கள். இளம்வயதுப் பெண்பிள்ளைக்கு விளையாட்டில் எவ்வளவு ஆவல் இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள் என்று பிற்காலத்தில் ஆயிஷா (ரலி) அவர்களே சொன்னார்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பந்துத் திடலும், ஒரு நூலகமும், காது கொடுத்துக் கேட்கும் ஒரு மனிதரும் இருக்கும் ஊரில், மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குப் போக ஓர் இடம் இருக்கும்.

இனி, சகோதரி, தொழுகை. "உம் குடும்பத்தாரைத் தொழுமாறு ஏவுவீராக" என்ற வசனத்தின் அடுத்த பாதி, "அதில் நீரும் பொறுமையோடு நிலைத்திருப்பீராக" என்பது (20:132). ஐந்து வேளையையும் ஒரே நாளில் அவன் மீது ஏற்றாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, ஐந்தும் கடமைதான். ஆனால் நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தொடங்குவதற்கு ஒரு வேளையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், மஃக்ரிப் எளிது. அவனை முன்னால் நிறுத்தி, நீங்களும் மகளும் பின்னால் நின்று, அவனையே இமாமாக வைத்துத் தொழுங்கள். தான் கெட்டவன் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, தன் பின்னால் உம்மா நிற்பது என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நோன்பு ஆசைக்குக் கேடயம் என்று இளைஞர்களுக்கு நபியவர்கள் சொன்னதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். அவன் உடல்நிலையும் படிப்பும் இடம் கொடுத்தால் திங்கள், வியாழனில் நீங்களும் சேர்ந்து வைத்து அவனையும் வைக்கச் சொல்லுங்கள். மீண்டும் ஒருநாள் அவன் வழுக்கலாம். அப்போதும் குளித்துவிட்டு, தவ்பா (பாவமன்னிப்பு வேண்டல்) செய்துவிட்டு, அடுத்த வேளைத் தொழுகைக்கு நிற்கலாம் என்பதை இப்போதே அவனுக்குச் சொல்லி வையுங்கள்.

கொல்லையில் இருக்கும் குளியலறைக்கு இரவில் ஒரு விளக்கு போட்டு வைத்து, மாற்றுத் துணியை அவன் கையெட்டும் இடத்தில் வையுங்கள். விடியலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால், யார் என்று கேட்காமல் படுத்திருங்கள்.

வஸ்ஸலாம்.